சொல்லாமல் விட்ட ‘ஒன்று’

பைத்தானில் நம்பை என்னும் கணக்கு நூலகத்தை வைத்து ஒரு சமன்பாட்டுத் தொகுப்பைத் தீர்க்கச் சொன்னால், வேலை பெரும்பாலும் லேபேக் என்னும் இன்னொரு நூலகத்திடம் போய்ச் சேருகிறது. 1992இல் வெளியான இது ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. நடுவே நிற்பது சி மொழி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

1 2 3 மேல்வரி, 4 5 6 கீழ்வரி என்று ஓர் அணி. சி இதை நினைவகத்தில் 1 2 3 4 5 6 என்று வைக்கும். ஃபோர்ட்ரானோ மேலிருந்து கீழாகப் போய் 1 4 2 5 3 6 என்று அடுக்கும். சி அடுக்கியதை ஃபோர்ட்ரான் தன் வழக்கப்படி படித்தால், வரிகளும் பத்திகளும் இடம் மாறிய அணி கிடைக்கும். அதற்காக லட்சக்கணக்கான எண்களை இடம்மாற்றி அடுக்க வேண்டியதில்லை. ஏ, பி என்ற அணிகளின் பெருக்கல் வேண்டுமானால், பி முதலில், ஏ அடுத்து என்று மாற்றிக் கொடுத்தால் போதும். இடம் மாறிய விடையை சி தன் வழக்கப்படி படிக்கும்போது அது சரியாகிவிடுகிறது! இரண்டு தவறான வாசிப்புகள் சேர்ந்து சரியான விடை தரும் இந்தத் தந்திரம் எனக்கு அலுத்ததேயில்லை.

செய்தியைக் கொடுக்கும் முறையிலும் வேற்றுமை உண்டு. சி, 3 என்ற எண்ணையே கொடுக்கும். ஃபோர்ட்ரான் வழக்கமாக அது இருக்கும் முகவரியை எதிர்பார்க்கும். மறந்து 3 என்று கொடுத்தால், மூன்றாம் முகவரியில் தேடப் போய் புரோகிராம் அங்கேயே விழும். இது நல்ல பிழை. உடனே தெரிந்துவிடுகிறது.

தெரியாத பிழைதான் பொல்லாதது. எழுத்துச்சரம் கொடுத்தால் அதன் நீளத்தையும் கடைசியில் ஓசைப்படாமல் சேர்த்து அனுப்புவது ஃபோர்ட்ரான் கம்பைலர்களின் வழக்கம். லேபேக் கேட்பதோ பெரும்பாலும் ‘யு’, ‘எல்’ போன்ற ஒற்றை எழுத்து. நீளம் ஒன்றுதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சி எழுதியவர்கள் அதை அனுப்பவே இல்லை. பல்லாண்டுகள் ஒன்றும் ஆகவில்லை.

2019இல் புதிய குனு ஃபோர்ட்ரான் கம்பைலரோடு புள்ளியியலுக்கான ஆர் மொழி இயங்கியபோது குட்டு உடைந்தது. லினக்ஸ் இயங்கும் 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் ஒரு செயல்கூறை அழைக்கும்போது, அதற்குக் கொடுக்கும் முதல் ஆறு முழுஎண்களோ முகவரிகளோ செயலியின் பதிவகங்களில் போகும். மற்றவை அடுக்கு எனப்படும் நினைவகப் பகுதிக்குப் போகும். லேபேக் செயல்கூறுகள் பலவற்றுக்கு ஆறுக்கு மேல் தேவை என்பதால், நீளத்தின் இடம் அடுக்கில்தான். ஒரு செயல்கூறு கடைசி வேலையாக இன்னொன்றை அழைத்தால், தனக்கு வந்த இடங்களையே அதற்கும் பயன்படுத்திக்கொள்ளும்படி கம்பைலர் சிக்கனம் பிடித்தது. நீளம் இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று எழுதியது. அங்கே இருந்ததோ சி தனக்காக வைத்திருந்த வேறு தரவு.

விதிப்படி குற்றம் சி பக்கம்தான். ஆனாலும் கம்பைலர்காரர்கள் இறங்கிவந்து, அந்தச் சிக்கனத்தைக் கட்டுப்படுத்த ஒரு மாற்றுவழி செய்து கொடுத்தார்கள். ஆர் தரப்பும் தன் சி நிரலைத் திருத்திக்கொண்டது: ஒற்றை எழுத்து போகும் அழைப்புகளின் முடிவில், யாரும் படிக்காத அந்த 1 இப்போது தவறாமல் போகிறது.