ஐசப்போர்ட்

ஐசப்போர்ட் என்பது மறதிநோய் உடையவர்களை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் குடும்பத்தினருக்காக உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய இணையவழிப் பயிற்சித் திட்டம் ஆகும். இது 2019 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. நோயாளரின் அன்றாடத் தேவைகளைக் கவனித்தல், நடத்தை மாற்றங்களைக் கையாளுதல், பராமரிப்பாளர் தம் உடல், மன நலனைப் பேணுதல் ஆகியன இதில் கற்பிக்கப்படுகின்றன. சமூகப்பணியில் எண்ணிமத் தொழில்நுட்பம் எவற்றைச் செய்ய இயலும், எவற்றைச் செய்ய இயலாது என்பதை அறிய இத்திட்டம் ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

மறதிநோய் (டிமென்சியா) என்பது நினைவாற்றல், சிந்தனை, அன்றாடச் செயற்திறன் ஆகியவை படிப்படியாகக் குன்றும் நிலையாகும். ஆல்சைமர் நோய் இதற்கு மிகப் பொதுவான காரணம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி 2021 இல் உலகில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் 60 விழுக்காட்டுக்கும் மேலானோர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், இந்நோய்க்கு ஆளாகியுள்ளனர் என 2023 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இந்நோயால் 2019 இல் உலகிற்கு ஏற்பட்ட செலவு 1.3 இலட்சம் கோடி அமெரிக்க டாலர் எனக் கணிக்கப்பட்டது. அதில் ஏறத்தாழப் பாதி, குடும்பத்தினர் ஊதியமின்றிச் செய்யும் பராமரிப்பின் மதிப்பாகும். அவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரம் இப்பணியில் செலவிடுகின்றனர். இந்த நேரத்தில் சுமார் 70 விழுக்காடு பெண்களின் உழைப்பாகும். பயிற்சியின்றி இப்பணியை ஏற்பவர்களுக்கு மனச்சோர்வும் உடல்நலக்குறைவும் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

முந்தைய முயற்சிகள்

கணினி வழியாகப் பராமரிப்பாளருக்கு உதவும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பட்ரீசியா பிரெனன் தலைமையிலான குழு கம்ப்யூட்டர்லிங்க் என்னும் பிணையத்தை ஆல்சைமர் நோயாளரின் பராமரிப்பாளர்களுக்கு வழங்கிச் சோதித்தது. 102 பேர் பங்குகொண்ட இந்த ஓராண்டு ஆய்வின் முடிவுகள் 1995 இல் வெளியாயின. முடிவெடுப்பதில் பயனர்களின் தன்னம்பிக்கை உயர்ந்தது. ஆனால் முடிவெடுக்கும் திறனில் மாற்றம் காணப்படவில்லை.

2006 இல் முடிவுகள் வெளியான ரீச் 2 ஆய்வு வேறு வழியைப் பின்பற்றியது. அமெரிக்காவின் 5 நகரங்களில் 642 பராமரிப்பாளர்கள் இதில் சேர்க்கப்பட்டனர். உதவிபெற்ற குழுவினருக்கு 6 மாத காலத்தில் 9 முறை வீட்டிலும் 3 முறை தொலைபேசியிலும் பயிற்சி அளிக்கப்பட்டது. இவற்றுடன் தொலைபேசி வழிக் குழுச் சந்திப்புகளும் நடந்தன. லத்தீன் அமெரிக்க வழியினர், வெள்ளையர் ஆகிய பிரிவினரின் வாழ்க்கைத் தரத்தில் முன்னேற்றம் காணப்பட்டது. கறுப்பினத்தவருள் வாழ்க்கைத் துணையைப் பராமரித்தவர்களிடம் மட்டும் அத்தகைய பயன் தெரிந்தது. ஒரே உதவி எல்லாருக்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை என்பதை இது காட்டியது.

அமைப்பு

ஐசப்போர்ட் 5 பகுதிகளையும் 23 பாடங்களையும் கொண்டது.

1. மறதிநோய் என்றால் என்ன? (1 பாடம்)
2. பராமரிப்பாளராக இருத்தல் (4 பாடங்கள்): பேச்சுத்தொடர்பு, முடிவெடுக்க உதவுதல், பிறரின் துணையைப் பெறுதல் முதலியன
3. தன்னலம் பேணுதல் (3 பாடங்கள்): மன அழுத்தத்தைக் குறைத்தல், மகிழ்வூட்டும் செயல்களுக்கு நேரம் ஒதுக்கல், மாற்றிச் சிந்தித்தல்
4. அன்றாடப் பராமரிப்பு (5 பாடங்கள்): உணவு, கழிப்பறைத் தேவை, தூய்மை முதலியன
5. நடத்தை மாற்றங்களைக் கையாளுதல் (10 பாடங்கள்): சினம், தூக்கமின்மை, வெளியே சென்று வழி தவறுதல், செய்ததையே திரும்பச் செய்தல், பொய்யான நம்பிக்கைகள் முதலியன

செயற்படும் விதம்

பாடங்களை வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பயனர் தமக்கு அப்போது தேவையான பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு பாடமும் சிறியது. விளக்கத்தை அடுத்து ஒரு நிகழ்வும் அது பற்றிய கேள்வியும் தரப்படும். பயனர் விடையைத் தேர்ந்தவுடன் அது ஏன் பொருத்தமானது அல்லது பொருத்தமற்றது என்ற விளக்கம் திரையில் தோன்றும்.

எடுத்துக்காட்டாக, தாயார் ஒருவர் தமது பணத்தை மருமகள் திருடிவிட்டதாகக் கூறுகிறார் எனக் கொள்வோம். "யாரும் திருடவில்லை" என்று வாதிடுவதால் அவரது அச்சம் தணியாது. முதலில் பணம் உண்மையிலேயே காணாமற் போயிற்றா எனப் பார்த்து, அவரது கலக்கத்தை ஏற்று, சேர்ந்து தேடி, பின்னர் கவனத்தை வேறொன்றில் திருப்புவது நல்லது. குற்றச்சாட்டு நோயின் விளைவே என்று புரிந்துகொள்வது பராமரிப்பாளரின் மன வேதனையையும் குறைக்கக்கூடும். ஒருவரை நோயாகப் பாராமல் மனிதராகப் பார்க்கும் இந்த அணுகுமுறையைப் பரப்பியவர்களுள் பிரித்தானிய உளவியலாளர் டாம் கிட்வுட் முதன்மையானவர்.

இணைய வசதி இல்லாதோருக்காக இதே பாடங்கள் அச்சுக் கையேடாகவும் வெளியிடப்பட்டன. ஒவ்வொரு நாடும் பெயர்கள், உணவு, குடும்ப அமைப்பு, உதவி எண்கள் ஆகியவற்றைத் தம் சூழலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வழிகாட்டியும் உண்டு.

இந்தியாவில் சோதனை

பெங்களூரில் உள்ள தேசிய மனநலம், நரம்பியல் நிறுவனத்தைச் (நிம்கான்சு) சேர்ந்த ஆய்வாளர்கள் இத்திட்டத்தை 151 பராமரிப்பாளர்களிடம் சோதித்து 2021 இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு குழு ஐசப்போர்டையும் மற்றொரு குழு தகவல் மட்டும் அடங்கிய மின்னூலையும் பெற்றது. 3 மாத முடிவில் எஞ்சியிருந்தோர் சுமார் 36 விழுக்காட்டினர் மட்டுமே. மனச்சோர்விலும் பராமரிப்புச் சுமையிலும் இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயாளரை மதித்து நோக்கும் மனப்பாங்கு மட்டும் ஐசப்போர்ட் குழுவில் மேம்பட்டது.

பெரும்பாலோர் இடையில் விலகியதால், திட்டம் பயனற்றது என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. எனினும் அடிப்படையான ஒரு சிக்கல் இதில் வெளிப்படுகிறது. சுமை மிகுந்தவருக்கே பயிற்சி அதிகம் தேவை; பயில நேரம் இல்லாதவரும் அவரே. மென்பொருள் அறிவைத் தரலாம். ஆனால் நோயாளருடன் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்து பராமரிப்பாளரை உறங்கவிட அதனால் இயலாது.

சமூகப்பணியாளரின் பங்கு

மேற்கூறிய இடைவெளியை நிரப்பச் சமூகப்பணியாளர் தேவைப்படுகிறார். குடும்பத்தின் நிலையை மதிப்பிடுதல், பொருத்தமான பாடத்தைச் சுட்டுதல், இடையில் நின்றவரை அழைத்துப் பேசுதல், பராமரிப்பைக் குடும்பத்தினரிடையே பகிர்ந்தளிக்க உதவுதல், பகல்நேரக் காப்பகம், அரசு உதவித்தொகை போன்றவற்றுடன் இணைத்தல் ஆகியவை அவரது பணிகளாகும். பராமரிப்புச் சுமையை அளக்க, 22 கேள்விகள் கொண்ட சாரிட் அளவீடு பரவலாகப் பயன்படுகிறது.

இந்தியாவில் முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் 2021 இல் நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்டது. மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண் 2022 இல் தொடங்கப்பட்டது. இணையம் பயன்படுத்தத் தெரியாதவரும் இவ்வெண்களை அழைத்து ஒருவருடன் பேச முடியும்.

தனியுரிமை

பராமரிப்பாளர் இணையத்தில் பதியும் விவரங்களில் பெரும்பகுதி நோயாளரைப் பற்றியவை. ஆனால் நோய் முற்றிய நிலையில் நோயாளரால் அதற்கு ஒப்புதல் தர இயலாது. இந்தியாவின் 2023 ஆம் ஆண்டு எண்ணிமத் தனியர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், சட்டப்படியான பாதுகாவலரை உடைய மாற்றுத்திறனாளியின் தரவுகளுக்கு அப்பாதுகாவலரின் ஒப்புதல் தேவை எனக் கூறப்பட்டுள்ளது. வீட்டில் பராமரிக்கும் மகளோ மருமகளோ பெரும்பாலும் அவ்வாறு நியமிக்கப்பட்டவராக இருப்பதில்லை.

அமெரிக்கச் சமூகப்பணி அமைப்புகள் 2005 இலும், விரிவாக்கி 2017 இலும், தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. ஒப்புதல் பெறுதல், இரகசியம் காத்தல், எண்ணிமச் சேவை ஒருவருக்குப் பொருந்துமா என முன்கூட்டியே மதிப்பிடுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.