கேப்டன் வக்கீல் ஆன கதை

சீனப் போர் முடிந்த கையோடு 1963-ல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஹுக்கும் சிங் ராணுவத்தில் சேர்ந்தார். அலகாபாத்தில் சட்டம் படித்து, நீதித்துறைத் தேர்விலும் தேறியிருந்த இளைஞர். நீதிபதி நாற்காலியை வேண்டாமென்றுவிட்டுப் பட்டாளத்துக்குப் போனார். 1965 போரில் பூஞ்ச்-ரஜவுரிப் பகுதியில் கேப்டனாக நின்றார்.

1969-ல் ராணுவத்தை விட்டு வந்து முசாபர்நகர் கோர்ட்டில் வக்கீலானார். சீக்கிரமே சக வக்கீல்கள் அவரைத் தங்கள் சங்கத் தலைவராக்கினார்கள். 1974-ல் கைரானாவின் எம்.எல்.ஏ. அப்படி ஏழு முறை, 2014-ல் எம்.பி. இடையில் கட்சிகள் மாறின, தொகுதி மாறவில்லை. 2018-ல் காலமானார்.

அவரிடம் எனக்கு மனத்தாங்கலும் உண்டு. மிரட்டலுக்குப் பயந்து ஊரை விட்டுப் போனவர்கள் என்று 2016-ல் 346 இந்துக் குடும்பங்களின் பட்டியலை வெளியிட்டார். பிழைப்புக்காக எப்போதோ போனவர்களும், இறந்தவர்களும் அதில் இருந்ததைப் பத்திரிகைகள் கண்டுபிடித்தன. இது மதப் பிரச்சினை இல்லை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பிறகு அவரே சொன்னார். சாட்சியைத் தீர விசாரிக்கப் பழகிய வக்கீல் அந்தப் பட்டியலை முதலிலேயே விசாரித்திருக்க வேண்டும்.

ஆனாலும் அவர் போன பாதை நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு வேண்டும். 2022-க்கு முன்பு சிப்பாயாகப் போனவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தொடுமுன்பே பென்ஷனோடு திரும்பிவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது செக்யூரிட்டி வேலை. லாரி நம்பரை நோட்டில் குறித்து, மேனேஜர் காருக்குக் கேட்டைத் திறந்து, விறைப்பாக ஒரு சல்யூட். சியாச்சின் குளிரைப் பார்த்த கை அது.

ஹுக்கும் சிங் படித்துவிட்டுப் போன அதிகாரி. இவர்கள் பிளஸ் டூ முடித்ததும் போன ஜவான்கள். இந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனால் பணியில் இருந்தபடியே தபாலில் பட்டம் வாங்கியவர்கள் இவர்களில் இருக்கிறார்கள். சென்னையில் இருந்த அம்பேத்கர் சட்டக் கல்லூரி 2018-ல் பிரிக்கப்பட்டு, ஒரு பாதி திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூருக்கே வந்துவிட்டது. பட்டதாரிக்கு மூன்று வருஷப் படிப்பு.

பென்ஷன் வழக்கைக் கேட்கச் சென்னையில் ராணுவத் தீர்ப்பாயக் கிளை இருக்கிறது. நிலத் தகராறுக்குப் பொன்னேரி கோர்ட். இரண்டிலும் பட்டாளத்துக்காரரின் கஷ்டம் தெரிந்த வக்கீல்கள் வேண்டும். ஓய்வுபெற்று வருகிறவரிடம் செக்யூரிட்டி வேலைக்கு முன்பாக இந்தப் படிப்பைப் பற்றி முன்னாள் படைவீரர் நல அலுவலகம் எடுத்துச் சொல்லட்டும்.