விரிவுரை மண்டபத்தில் மாணவர்களும் பேச வேண்டும்

உயர்தரப் பெறுபேறு வந்தால் ஊரில் பதாகை கட்டுகிறோம். பொறியியல் பீடத்துக்குத் தெரிவான பிள்ளையைப் பள்ளிவாசலில் பாராட்டுகிறோம். அந்தப் பிள்ளை இரண்டாம் வருடத்தில் எத்தனை பாடங்களை மீண்டும் எழுதுகிறது என்று பிறகு எவரும் விசாரிப்பதில்லை. சித்தியடையாவிட்டால் பிள்ளையைத்தான் குறை சொல்கிறோம். கற்பித்த முறை பற்றிய பேச்சே எழுவதில்லை.

பாரமான லொறி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது மற்றதன் மீது கூடிய விசையைச் செலுத்துகிறது? நியூட்டனின் மூன்றாம் விதியைப் பிழையின்றி ஒப்புவிக்கும் பிள்ளைகூட "லொறிதான்" என்று சொல்லக்கூடும். இரண்டு விசைகளும் சமன் என்பதே விடை.

ஹாவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மசூர், 1990 ஆம் ஆண்டளவில் இத்தகைய வினாக்களைத் தனது மாணவர்களிடம் கொடுத்தார். மாணவர்கள் மெச்சிய விரிவுரையாளர் அவர். கடினமான கணக்குகளைச் செய்த அதே மாணவர்களில் பலர் இந்த எளிய வினாக்களில் சறுக்கினார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் நினைப்பதை எழுதுவதா என்று ஒருவர் கேட்டாராம்.

மசூர் முறையை மாற்றினார். சிறிது விளக்கம், பின்னர் ஒரு வினா. ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தெரிவு செய்வார்கள். அடுத்து, பக்கத்தில் இருப்பவருடன் இரண்டு மூன்று நிமிடம் வாதிட்டு, மறுபடியும் தெரிவு செய்வார்கள். தரம் 6 வகுப்பில் நாங்கள் செய்யும் சோடி வேலைக்கு இது நெருங்கிய உறவு. இப்போதுதான் விளங்கிக்கொண்ட மாணவனுக்குத் தான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்பது ஞாபகம் இருக்கும். பேராசிரியருக்கு அது மறந்து பல வருடங்கள் ஆகியிருக்கும்.

இதற்கு அளந்து பார்த்த ஆதாரம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமனின் குழு, தலா 250 பேருக்கு மேற்பட்ட இரண்டு வகுப்புகளை ஒரு வாரம் ஒப்பிட்டது. ஒன்றில் அனுபவமிக்க, நற்பெயர் பெற்ற விரிவுரையாளர் வழமைபோல் விரிவுரை செய்தார். மற்றதில் அனுபவம் குறைந்தவர்கள் வினாவும் கலந்துரையாடலுமாக நடத்தினார்கள். பரீட்சையில் முதல் வகுப்பின் சராசரி 41 வீதம், இரண்டாவதன் சராசரி 74 வீதம். இது 2011 இல் வெளியானது. 2014 இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விரிவுரை மட்டும் நடந்த விஞ்ஞான, பொறியியல், கணித வகுப்புகளில் நூற்றுக்கு 34 பேரளவில் சித்தியடையவில்லை. மாணவர்கள் பங்குபற்றிய வகுப்புகளில் அது 22.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 2019 இல் வந்த ஹாவர்ட் ஆய்வு. சரளமான விரிவுரையைக் கேட்ட மாணவர்கள் தாங்கள் கூடுதலாகக் கற்றதாகச் சொன்னார்கள். தாமே முயன்று திணறியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். பரீட்சை முடிவோ நேர்மாறாக வந்தது. "சேர் நல்லா விளங்கப்படுத்துவார்" என்ற புகழை மட்டும் வைத்து ஒரு வகுப்பை எடை போட முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. தமிழில் உயர்தரம் படித்துவிட்டு ஒலுவிலிலோ பேராதனையிலோ மொரட்டுவையிலோ ஆங்கிலத்தில் பொறியியல் படிக்கிறார்கள். விளங்காததை 100 பேருக்கு முன் ஆங்கிலத்தில் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? பக்கத்து நண்பனிடம் தமிழில் கேட்கலாம். அந்த இரண்டு நிமிடத்தை வகுப்புக்குள்ளேயே கொடுத்தால் போதும், விடையை ஆங்கிலத்தில் எழுதட்டும்.

பாடத்திட்டம் முடியாது என்பார்கள். வாசித்து விளங்கக்கூடிய பகுதியை முன்கூட்டியே கொடுத்து வாசித்துவரச் சொன்னால் நேரம் மிஞ்சும். கருவிகளும் அவசியமில்லை, நான்கு நிற அட்டைகள் போதும். உண்மையான கஷ்டம் நல்ல வினாவை ஆக்குவதில் இருக்கிறது. பலரும் பிழையாக நினைப்பதைத் தொடும் வினாவாக அது இருக்க வேண்டும். வெறுமனே குழுவாக உட்கார வைத்தால் அரட்டைதான் நடக்கும்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடப் பாடம் ஒன்றை ஒரு தவணைக்கு மட்டும் இப்படி நடத்திப் பார்க்கலாம். தவணையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வினாத்தாளைக் கொடுத்து, வழமையாக நடக்கும் வகுப்பு ஒன்றுடன் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.