முதல் அரைமணி நேரத்தில் அழியும் கேம்ஷாஃப்ட்

அமெரிக்காவின் பழைய வி8 எஞ்சின்களைக் கூடுதல் ஆற்றலுக்காக மறுசீரமைக்கும்போது, புதிதாகப் பொருத்தப்பட்ட கேம்ஷாஃப்ட் முதல் அரைமணி நேர ஓட்டத்திலேயே தேய்ந்து வடிவிழந்துபோவது அத்தொழிலில் இருப்போர் நெடுங்காலமாக அறிந்த பழுதாகும். தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சினில் ஒரு லட்சம் மைலுக்கு மேலும் உழைக்கக்கூடிய உறுப்பு, பட்டறையில் மாற்றிப் பொருத்தியவுடன் ஏன் இவ்வளவு விரைவில் அழிகிறது என்று கேட்டால், எண்ணெயின் தரம் குறைந்துவிட்டது என்பதே இன்று பரவலாகச் சொல்லப்படும் விடை. அவ்விடையில் உண்மை உண்டு என்றாலும், அது எண்ணெயின்மேல் தேவைக்கு மீறிய பழியைச் சுமத்துகிறது. இரண்டு இரும்புப் பரப்புகள் சந்திக்கும் மிகச் சிறிய ஓரிடத்தில் சுமை, சுழற்சி, எண்ணெய்ப் படலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. அவற்றுள் பெரும்பாலோர் எண்ணிப்பாராதது சுழற்சியே.

நான்கு வீச்சு எஞ்சினில் காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும் எரிந்த புகை வெளியேறவும் வால்வுகள் உரிய நேரத்தில் திறந்து மூட வேண்டும். அந்த நேரத்தை வகுப்பது, முட்டை வடிவப் புடைப்புகள் வரிசையாக அமைந்த கேம்ஷாஃப்ட் என்னும் தண்டு. கிராங்க்ஷாஃப்ட் இருமுறை சுழலும்போது இது ஒருமுறை சுழலும். 1955இல் வெளிவந்த செவ்ரோலே ஸ்மால் பிளாக் போன்ற வி8 எஞ்சின்களில் இத்தண்டு எஞ்சின் பிளாக்கின் நடுவே, கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே கிடக்க, அதன் 16 புடைப்புகளின்மேல் லிஃப்டர் அல்லது டேப்பெட் எனப்படும் 16 சிறு உருளைகள் அமர்ந்திருக்கின்றன. புடைப்பு லிஃப்டரை உயர்த்த, லிஃப்டர் புஷ்ராடு என்னும் கம்பியைத் தள்ள, அது ராக்கர் ஆர்மின் ஒரு முனையைத் தூக்கி மறுமுனையால் வால்வைத் திறக்கிறது. சுருள் ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது.

பழைய எஞ்சின்களில் உள்ள லிஃப்டரின் அடிப்பரப்பு தட்டையானது என்று சொல்லப்பட்டாலும், அதன் நடுப்பகுதி விளிம்பைவிட ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு உயர்ந்து, கண்ணுக்குத் தெரியாத குவிவாக இருக்கும். அதற்கேற்ப, கேம்ஷாஃப்ட்டின் புடைப்பும் ஒரு பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும்படி மிக நுண்ணிய சரிவோடு கடையப்படுகிறது; லிஃப்டரின் மையமும் புடைப்பின் மையமும் நேர்க்கோட்டில் நில்லாமல் சிறிது விலகியிருக்கின்றன. இந்த மூன்று ஏற்பாடுகளும் சேர்ந்து, தொடும் இடத்தை லிஃப்டரின் மையத்திலிருந்து ஒதுக்கிவைப்பதால், புடைப்பு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் லிஃப்டர் மேலெழுவதோடு தன் அச்சிலும் சிறிது திரும்புகிறது. திரும்பத் திரும்ப, தேய்மானம் ஒரே கோட்டில் விழாமல் பரப்பு முழுவதற்கும் பகிரப்படுகிறது. புதிய எண்ணெயும் தொடும் இடத்துக்கு இழுத்துவரப்படுகிறது. புடைப்பின் முனையில் சதுர அங்குலத்துக்கு 2,00,000 பவுண்டுக்கும் மேலான அழுத்தம் நிலவக்கூடும் என்பதை நினைத்தால், இவ்வளவு நுண்ணிய ஏற்பாட்டை நம்பி ஓர் எஞ்சின் பல்லாண்டு ஓடுவது வியப்புக்குரிய பொறியியல் என்றே சொல்ல வேண்டும்.

லிஃப்டர் சுழல்வது நின்றால் அழிவு சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுந்துவதால் எண்ணெய்ப் படலம் அறுந்து, உலோகத்தோடு உலோகம் உரசி, நுண்ணிய புள்ளிகளில் ஒட்டிக்கொண்டு பிய்கிறது. வார்ப்பிரும்பாலான கேம்ஷாஃப்ட்டில் கடினமாக்கப்பட்டிருப்பது மேற்பரப்பை ஒட்டிய அடுக்கு மட்டுமே என்பதால், அது தேய்ந்தபின் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு சாணைக்கல்லில் பிடித்ததுபோல் கரைந்துபோகும். புடைப்பு உருண்டையாகிவிடுகிறது, லிஃப்டரின் குவிந்த அடிப்பரப்பு குழியாகிவிடுகிறது.

சுழற்சி நிற்பதற்குக் காரணங்கள் பல. லிஃப்டர் அமரும் துளை அழுக்கு படிந்தோ அளவில் இறுகியோ இருக்கலாம். துளையே கேம்ஷாஃப்ட்டுக்குச் செங்குத்தாகக் கடையப்படாமல் சற்றுச் சாய்ந்திருக்கலாம். லிஃப்டரின் குவிவு தயாரிப்பிலேயே தவறியிருக்கலாம். பழைய லிஃப்டர்களைப் புதிய கேம்ஷாஃப்ட்டில் பொருத்தக் கூடாது என்பதும், கழற்றிய லிஃப்டரை அதே புடைப்பின்மேல்தான் திரும்ப வைக்க வேண்டும் என்பதும் இதனால் எழுந்த விதிகளே. ஒவ்வொரு லிஃப்டரும் தான் பழகிய புடைப்புக்கேற்பத் தேய்ந்திருப்பதால், வேறொன்றோடு சேரும்போது அதன் தொடுகோடு முற்றிலும் மாறிவிடும். எஞ்சினைப் பூட்டும்போது லிஃப்டர்கள் துளையில் தங்குதடையின்றி இறங்குகின்றனவா என்று பார்ப்பதும், முதல் ஓட்டத்தில் வால்வு மூடியைத் திறந்துவைத்துப் புஷ்ராடுகள் சுழல்கின்றனவா என்று கவனிப்பதும் தேர்ந்த மெக்கானிக்குகளின் வழக்கம்.

ஆற்றலைக் கூட்டும் முயற்சி இந்தக் குறுகிய பாதுகாப்பெல்லையை மேலும் சுருக்குகிறது. வால்வை உயரமாகவும் விரைவாகவும் திறக்க வேண்டுமாயின் புடைப்பின் பக்கங்கள் செங்குத்தாக வேண்டும். செங்குத்து கூடக்கூடத் தொடுகோடு லிஃப்டரின் விளிம்பை நோக்கி நகர்கிறது. செவ்ரோலே லிஃப்டரின் விட்டம் 0.842 அங்குலம், கிரைஸ்லருடையது 0.904 அங்குலம். சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாட்டால், கிரைஸ்லர் எஞ்சினுக்குப் பொருந்தும் வேகமான புடைப்பு வடிவம் செவ்ரோலேயில் லிஃப்டரின் விளிம்பைத் தாண்டிச் சென்று அதைச் செதுக்கிவிடக்கூடும். மேலும், உயர் சுழற்சியில் வால்வு புடைப்பின் போக்கைப் பின்பற்ற முடியாமல் மிதக்கும். அப்போது புடைப்பைவிட்டு எழும்பிய லிஃப்டர் திரும்ப விழும்போது சுத்தியலடிபோல் மோதுகிறது. அதைத் தடுக்க வலுவான ஸ்பிரிங் தேவை. ஸ்பிரிங் வலுவாக வலுவாகப் புடைப்பின்மேல் சுமை ஏறுகிறது. ஸ்பிரிங்கின் சுற்றுகள் முழு உயர்த்தலில் ஒன்றோடொன்று முட்டிவிட்டால் சுமைக்கு எல்லையே இல்லை.

இனி எண்ணெய். பம்பு அழுத்தத்தோடு அனுப்பும் எண்ணெய் இவ்வகை எஞ்சின்களில் பேரிங்குகளுக்குச் செல்கிறதே தவிர, புடைப்புக்கும் லிஃப்டருக்கும் இடையே நேராகச் செல்வதில்லை. சுழலும் கிராங்க்ஷாஃப்ட் சிதறடிக்கும் எண்ணெயையே அவை பெரிதும் நம்பியிருக்கின்றன. ஐட்லிங்கில் அச்சிதறல் குறைவு. அதோடு, வேகமாக ஓடும்போது வால்வு முதலியவற்றின் சடத்துவம் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியை ஈடுசெய்ய, ஐட்லிங்கிலோ முழு விசையும் புடைப்பின் முனைமேல் விழுகிறது. ஆகவே, மெதுவாக ஓடவிடுவதே புதிய எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பது இங்கே பெருந்தவறாகும். மாலிப்டினம் டைசல்பைடு கலந்த பசையைப் புடைப்புகளில் தடவி, எண்ணெய் வழிகளை முன்கூட்டியே நிரப்பி, தாமதமின்றி எஞ்சினை இயக்கி, உடனே 2,000 முதல் 2,500 சுழற்சிக்கு ஏற்றி, 20 முதல் 30 நிமிடம் அந்நிலையிலேயே ஓட்ட வேண்டும் என்பது கேம்ஷாஃப்ட் தயாரிப்பாளர்கள் தரும் பொதுவான அறிவுரை. இரட்டை ஸ்பிரிங் உள்ள எஞ்சினில், இந்த முதல் ஓட்டத்துக்கு மட்டும் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவைப்பதும் உண்டு.

படலம் மெலியும் கணத்தில் காப்பது, எண்ணெயில் கலக்கப்படும் துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட இசட்டிடிபி என்னும் சேர்மம். வெப்பத்திலும் அழுத்தத்திலும் சிதைந்து, உலோகத்தின்மேல் கண்ணாடி போன்ற பாஸ்பேட் பூச்சை உண்டாக்கித் தான் தேய்ந்து இரும்பைக் காக்கிறது. ஆனால் எண்ணெயோடு எரியும் பாஸ்பரஸ், புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் ஆற்றலைக் கெடுப்பதால், பெட்ரோல் கார்களுக்கான மெல்லிய எண்ணெய்களில் அதன் உச்ச அளவு படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2004இல் வந்த ஜிஎஃப்-4 தரத்தில் 0.08 விழுக்காடாயிற்று. நகரத்துக் காற்றின் பொருட்டு அம்முடிவு சரியானதே. பழைய எஞ்சின் வைத்திருப்போர் அதற்கென விற்கப்படும் எண்ணெயை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சுழலாத லிஃப்டரை எந்த எண்ணெயும் காப்பாற்றாது. அச்சேர்மத்தை அளவுக்கு மீறிக் கலந்தால் அதுவே உலோகத்தை அரிக்கவும் செய்யும்.

அடிப்பரப்பில் சக்கரம் பொருத்திய ரோலர் லிஃப்டர், 1985இல் ஃபோர்டு மஸ்டாங்கின் 5.0 லிட்டர் எஞ்சினுக்கும் 1987இல் செவ்ரோலே ஸ்மால் பிளாக்குக்கும் வந்தபின் இந்தச் சிக்கல் பெரிதும் தணிந்தது. இதற்கு முதல் ஓட்டச் சடங்கு தேவையில்லை. ஆயினும் சுழற்சி பற்றிய விதி இங்கே தலைகீழாகிறது: ரோலர் லிஃப்டர் தன் அச்சில் திரும்பவே கூடாது. அதைப் பிடித்துவைக்கும் வழிகாட்டி தேய்ந்து லிஃப்டர் திரும்பிவிட்டால், சக்கரம் உருளாமல் புடைப்பின் குறுக்கே இழுபட்டு அதை அறுத்துவிடும். சக்கரத்தின் உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகளுக்கு எண்ணெய் போதாமல் போனாலோ, மிதக்கும் வால்வின் மோதல்களால் அவை நொறுங்கினாலோ விளைவு அதுவே. எரிபொருள் சேமிப்புக்காகச் சில சிலிண்டர்களை ஓய்வில் வைக்கும் பிற்கால வி8களில், லிஃப்டருக்குள்ளேயே பூட்டித் திறக்கும் ஊசிகள் இருப்பதால் பழுதுக்கு இன்னொரு வாயில் சேர்ந்தது.

டேப்பெட் பகுதியில் சத்தம், கார்புரேட்டர் வழியே வெடிப்பொலி, ஒரு சிலிண்டரில் ஆற்றல் குறைதல் ஆகியவை தேய்மானத்தின் அறிகுறிகள். புடைப்பின் உயரத்தை டயல் கேஜால் அளந்தால் ஐயம் நீங்கும். அந்நேரத்துக்குள் தேய்ந்த இரும்பு முழுவதும் நுண்பொடியாகி எண்ணெயில் கலந்து, வடிகட்டியில் சிக்கியது போக எஞ்சியது பேரிங்குகளிலும் எண்ணெய் பம்பிலும் லிஃப்டர் துளைகளிலும் படிந்திருக்கும். எஞ்சினை முழுவதுமாகப் பிரித்து, எண்ணெய் வழிகளின் அடைப்பான்களையும் கழற்றிக் கழுவாமல், கேம்ஷாஃப்ட்டையும் லிஃப்டர்களையும் மட்டும் மாற்றுவோர் இரண்டாவது கேம்ஷாஃப்ட்டையும் இழப்பதற்கு அந்தப் பொடியே காரணம்.