இளம் தாயின் கையில் ஒரு போன்

மும்பைக்கு வந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் இருபத்தாறு ஆண்டுகள் பிரசவ வார்டில் நர்ஸாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் "பெரியம்மா" என்று வந்து சந்தேகம் கேட்பது நிற்கவில்லை. முன்பு வாசலில் வந்து நின்றார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், இரவு பத்தரை மணிக்கு ஒரு குரல் பதிவு வந்தது. அனுப்பியவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த பெண். வயது பதினெட்டு முடிந்து நாலு மாதம். வயிற்றில் ஏழு மாதம். "பெரியம்மா, ரெண்டு நாளா தலைவலி. இப்ப கண்ணு முன்னால பூச்சி பறக்கிற மாதிரி இருக்கு. குடும்ப குரூப்புல கேட்டேன். மாசமா இருந்தா இப்படித்தான், சுக்குப் பத்து போடுன்னு சொன்னாங்க."

டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்த அழுத்தம் 160க்கு 110. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும். உடனே சேர்த்துக்கொண்டார்கள். எட்டாம் மாதக் கடைசியில் 1 கிலோ 900 கிராமில் பையன் பிறந்தான். இன்று தாயும் பிள்ளையும் நலம்.

போன் ஒன்றுதான். ஒரு குரூப் அவளைப் பத்துப் போட்டுப் படுக்கச் சொன்னது. ஒரு குரல் பதிவு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மறுமுனையில் யார் இருக்கிறார் என்பதுதான் விஷயமே.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 விழுக்காட்டினர் அப்போதே தாயாகவோ கர்ப்பிணியாகவோ இருந்தார்கள். மேற்கு வங்காளத்தில் இது 16.4 விழுக்காடு. தானே வளர்ந்து முடியாத உடம்பு இன்னோர் உயிரையும் வளர்க்க வேண்டியிருக்கிறது. அந்த வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்ததாகவும் அதே ஆய்வு சொல்கிறது. வலிப்பு, குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகிய அபாயங்கள் இவர்களுக்கு அதிகம். இத்தனைக்கும் நடுவில் சந்தேகம் கேட்க வெட்கம், மாமியாரிடம் பயம், அம்மாவோ ஆயிரம் மைல் தள்ளி!

போன் வழியாக உதவும் முயற்சிகள் நம் நாட்டில் ஏற்கெனவே உண்டு. மத்திய அரசு 2016இல் தொடங்கிய 'கில்காரி' திட்டத்தில், கர்ப்பத்தின் நாலாம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாராவாரம் ஒரு குரல் செய்தி வீதம் மொத்தம் 72 செய்திகள் வரும். மும்பையில் 'ஆர்மன்' என்ற தொண்டு நிறுவனம் 'எம்மித்ரா' என்ற பெயரில் இதே வகைச் சேவையை நடத்தியது. எழுத்தாக அனுப்பாமல் ஏன் குரலாக அனுப்பினார்கள்? வாசிக்கத் தெரியாதவளுக்கும் காது கேட்கும். இணையம் இல்லாத சாதா போனிலும் மணி அடிக்கும். மேற்சொன்ன ஆய்வின்போது இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்த பெண்கள் மூன்றில் ஒரு பங்குதான்.

ஆனால் வரும் செய்தியைக் கேட்கத்தான் முடியும். "எனக்கு இப்படி இருக்கே, என்ன செய்ய?" என்று திருப்பிக் கேட்க ஆள் வேண்டும். அங்கேதான் வாட்ஸ்அப் போன்றவை உதவுகின்றன. என் அனுபவத்தில் நாலு விதிகள் முக்கியம்.

முதலாவது, பதில் சொல்பவர்களில் ஒருவராவது பயிற்சி பெற்ற நர்ஸோ டாக்டரோ ஆக இருக்கவேண்டும். "கம்மியா சாப்பிட்டா குழந்தை சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆகும்" என்ற தப்பான பேச்சை அங்கேயே திருத்த வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதே, எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடு, மலம் கறுத்தால் பயப்படாதே என்று சொல்ல ஆள் இருந்தால் பாதிப் பெண்கள் மாத்திரையை நிறுத்தமாட்டார்கள்.

இரண்டாவது, கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முக வீக்கம், இரத்தப்போக்கு, நீர் உடைதல், குழந்தை அசைவு குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் குரூப்பில் விவாதமே கூடாது. 108ஐக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போ என்ற ஒரே பதில்தான்.

மூன்றாவது, ரகசியம். குரூப்பில் சேர்த்தால் எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பதில் 'பிராட்காஸ்ட்' பட்டியல் போட்டு அனுப்பினால், ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியாது. பல வீடுகளில் போன் புருஷன் கையில் இருக்கும். எப்போது அனுப்பலாம் என்று முதலில் அவளையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலாவது, பரிசோதனைக்குப் போகச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். மாதந்தோறும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. இந்தத் திட்டம் 2016இல் வந்தது.

பதினெட்டு வயது நிறையாத பெண்கள் விஷயத்தில் ஒரு சங்கடம் உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தரவேண்டும். கல்யாணம் ஆகியிருந்தாலும் இது குற்றமே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தப் பயத்திலேயே பலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. கைமருத்துவம் தேடிப் போய் உயிரை விடுகிறார்கள். ஆனால் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் அத்தகைய பெண்ணும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் தரும் தகவலில் அவள் பெயர், அடையாளம் சொல்ல வேண்டியதில்லை என்று கூறியது. இதை அறிந்தால் சில பிள்ளைகளாவது பயம் விட்டு முறையான டாக்டரிடம் வருவார்கள்.

ஒவ்வொரு ஊர்த் தமிழ்ச் சங்கத்திலும் ஓய்வு பெற்ற டாக்டரும் நர்ஸும் இல்லாமலா போவார்கள்? மகளிர் அணியினர் ஒரு நம்பரைத் தமிழில் பேசும் நம்பராக அறிவிக்கட்டும். ஊர் விட்டு வந்த பெண்ணுக்கு நடுராத்திரியில் "என்னம்மா?" என்று கேட்கும் ஒரு குரல் கிடைத்தால், தாய்வீடு பக்கத்தில் வந்த மாதிரி இருக்கும். திட்டாமல் கேட்டால் மட்டும் போதும். மிச்சத்தை அவளே சொல்லிவிடுவாள்.