சுருட்டின் தலையில் எவ்வளவு வெட்டலாம்?

எங்கள் டூல் ரூமில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் சென்ற மாதம் ஒரு சிகாரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். ஓசூர் சிப்காட்டுக்கு இயந்திரம் நிறுவ வந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஊர் திரும்பும்போது கொடுத்தது. விரல் பருமனைத் தாண்டிய தடிமன். ஒரு முனையில் இலை தெரிந்தது, மறுமுனை உருண்டையாக மூடியிருந்தது.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை முனீஸ்வரனுக்குப் படையல். இதையும் வைக்கலாம்னு அப்பா சொல்றாரு. ஆனா இழுத்துப் பத்தவச்சாத்தானே வைக்க முடியும்? இதை எந்தப் பக்கம், எவ்வளவு வெட்டணும்?”

தகட்டை வெட்டுவதிலும் துளைப்பதிலும் இருபது வருடத்துக்கு மேல் கழித்தவன் நான். இலையை வெட்டுவதும் அதே கலைதான் என்பதால் அவனுக்குச் சொன்னதை விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்தக் கேள்வி நம் ஊர்ச் சுருட்டுக்கு எழுவதே இல்லை. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றிய சுருட்டுகள் பெரும்பாலும் இரண்டு முனையும் திறந்தவை. சுற்றி முடித்ததும் இரு பக்கமும் நறுக்கிவிடுவார்கள், வாங்குகிறவர் அப்படியே பற்றவைக்கலாம். இந்த வகைக்கு ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று பெயர். அது நம் ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்தே போனது. ஆர்தர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ கதையில், கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதை ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலை வைத்தே கண்டுபிடிக்கிறார். லண்டன் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அந்தப் பெயர் அன்றைக்குப் பழகியிருந்தது.

கியூபா பாணிச் சிகார் வேறு மாதிரி. உள்ளே பூரண இலை, அதைச் சுற்றிக் கட்டும் இலை, எல்லாவற்றுக்கும் மேலே பார்வைக்கு அழகான மெல்லிய போர்வை இலை. அந்தப் போர்வை அவிழ்ந்துவிடாமல் இருக்க, வாயில் வைக்கும் முனையில் சின்ன இலைத்துண்டு ஒன்றைத் தாவரப் பசையால் ஒட்டி மூடுகிறார்கள். அதைத் தொப்பி என்று வைத்துக்கொள்வோம். சிகாரை உற்றுப் பார்த்தால் தலையில் இருந்து சற்றுக் கீழே தொப்பி முடியும் கோடு மெலிதாகத் தெரியும். வெட்டு அந்தக் கோட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் போர்வையைப் பிடித்திருக்கும் பிடி போய்விடும், பாதி புகைப்பதற்குள் இலை பிரியத் தொடங்கும். சாதாரணமாக உச்சியில் 2 மி.மீ. அளவுக்கு எடுத்தாலே போதுமானது.

எப்படி வெட்டுவது என்பதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றுமே டூல் ரூம்காரனுக்குத் தெரிந்தவை.

நேர்வெட்டுக்கான கருவியின் பெயர் கில்லட்டின். தகடு வெட்டும் எங்கள் இயந்திரத்துக்கும் அதுதான் பெயர். ஒற்றை அலகு உள்ளதும் உண்டு, இரட்டை அலகு உள்ளதும் உண்டு. ஒற்றை அலகு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளுகிறது. எதிர்ப்பக்க இலை கருவியின் சுவரில் நசுங்கி, கடைசியில் கிழிகிறது. இரட்டை அலகில் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் அந்த நசுக்கல் குறைவு. அலகு மழுங்கியிருந்தால் எதுவும் உதவாது. தகட்டில் பிசிறு வருவது போல இலையில் பிசிறு வரும், அது வாயில் ஒட்டும். இன்னொன்று, தயங்கித் தயங்கி அழுத்தக்கூடாது. அலகு இரண்டும் தலையைத் தொட்டபின் ஒரே மூச்சில் வெட்ட வேண்டும்.

இரண்டாவது பஞ்ச். கேஸ்கட்டில் ஓட்டை போடும் குழாய்ப் பஞ்சின் தம்பி இது. தொப்பியின் நடுவில் வைத்துத் திருகி அழுத்தினால் வட்டமாக ஒரு துண்டு வெளியே வரும். சுற்றியுள்ள தொப்பி அப்படியே இருப்பதால் இலை பிரியும் பயம் மிகக் குறைவு. ஆனால் துளை சிறியது. சிகாரின் தடிமனை ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி எண்ணுவார்கள். 50 என்று சொன்னால் விட்டம் ஏறக்குறைய 20 மி.மீ. பஞ்சின் விட்டம் 8 மி.மீ. என்றால், திறக்கும் பரப்பு மொத்தக் குறுக்குப் பரப்பில் ஆறில் ஒரு பங்குதான். நேர்வெட்டில் 15 மி.மீ. விட்டம் திறந்தால் பாதிக்கு மேல் திறந்துவிடும். பரப்பு விட்டத்தின் இருமடியில் வளர்வதால் இவ்வளவு வித்தியாசம். சின்னத் துளை வழியாக வரும் புகை செறிவாக இருக்கும், ஆனால் கரும்பிசினும் ஈரமும் அந்த ஓர் இடத்திலேயே சேர்ந்து கசக்கும். தடித்த சிகாருக்குப் பஞ்ச் ஏற்கும். மெல்லியதற்கும், தலை கூம்பியதற்கும் வேண்டாம்.

மூன்றாவது ‘வி’ வெட்டு. தொப்பியின் நடுவே ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் ஒரு பள்ளம். அதிக இலையை எடுக்காமலே சரிவான இரு முகங்களும் திறந்துகொள்வதால் காற்றுப்பாதை கிடைக்கிறது. நல்ல அலகு அமைந்தால் எனக்குப் பிடித்த வெட்டு இதுவே. மலிவான கருவியில் பள்ளம் ஆழமாகப் போய் உள்ளிலையைக் கிழித்துவிடும் என்பதால் யாருக்கும் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன்.

தலை கூம்பிய சிகாருக்கு நேர்வெட்டுதான். அதில் ஒரு வசதி உண்டு. நுனியில் கொஞ்சமாக வெட்டி, பற்றவைக்காமலே இழுத்துப் பார்க்கலாம். காற்று இறுக்கமாக வந்தால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். உருண்டைத் தலையிலும் இதே சோதனை செய்யலாம், கோட்டைத் தாண்டாத வரை. எங்கள் பட்டறையில் புதுப் பையன்களுக்கு முதல் நாளே சொல்வது இது: எடுத்த பொருளைத் திரும்ப ஒட்ட முடியாது, குறைவாக எடு, அளந்து பார், பிறகு எடு.

எங்கள் ஊர்ப் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை சேர்க்க வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மாசி, பங்குனியில் காற்று வறண்டு அடிக்கும். சிகாரை 65 முதல் 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருக்கச் சொல்வார்கள். இங்கே மேசை இழுப்பறையில் ஒரு மாதம் கிடந்தால் போர்வை இலை அப்பளம் போல ஆகிவிடும். அதை எந்தக் கருவியால் வெட்டினாலும் விரிசல் ஓடும். தொப்பியை மட்டும் உதட்டு ஈரத்தால் நனைத்து ஒரு நிமிடம் விட்டால் கொஞ்சம் நெகிழும்.

இவ்வளவு சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. சிகார் புகையை உள்ளிழுப்பதில்லை, அதனால் ஆபத்தில்லை என்று நம்புகிறவர்கள் நிறைய. அந்தப் புகை காரத்தன்மை உள்ளது, நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடும். பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கலாம். வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்களுக்கு இது காரணமாகிறது, வெட்டை எப்படிச் செய்தாலும் இதில் மாற்றம் இல்லை. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக்கூடாது. பொது இடங்களில் புகைப்பதற்கான தடையின் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் உள்ளன. தொழிற்சாலைக் கூரையின் கீழும் அந்தத் தடை உண்டு.

தம்பியிடம் கட்டர் எதுவும் இல்லை. புது ஷேவிங் பிளேடு ஒன்றைக் கொடுத்து, தொப்பியின் கோட்டுக்கு மேல் மெல்ல வட்டமாகக் கீறச் சொன்னேன். ஆழமாக வேண்டாம், ஒட்டிய இலையின் கனம் மட்டும். பிறகு நகத்தால் தூக்கினால் தொப்பியின் உச்சி தனியே வந்துவிடும்.

திங்கட்கிழமை காலையில் வந்து சொன்னான்: “மூடி மாதிரி கழண்டு வந்துச்சுண்ணே, இலை கிழியவே இல்ல. அப்பாதான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, தன் சுருட்டு ஒண்ணை எடுத்து ஒரு முனையில கண்ணை வச்சுக் காட்டினாரு. ‘இதுல ரெண்டு பக்கமும் வழி இருக்குடா’ன்னாரு.”