வாயிலில் நெரியும் கருவிகள்

மின்னளவி, குடிநீர்க் குழாயின் உணரி, சரக்குந்தின் இருப்பிடங்காட்டி போன்றவை இன்று மனிதர் துணையின்றி அலைபேசிக் கோபுரம் வழியே செய்தி அனுப்புகின்றன. ஒரு நிழற்படத்தின் அளவோடு ஒப்பிட்டால் அச்செய்தி வெறும் துரும்பு. ஆயினும் துரும்புகள் ஒரே நொடியில் திரண்டால் கோபுரம் திணறிவிடும்.

சிக்கல் தரவின் அளவில் இல்லை. நுழைவு முறையில் இருக்கிறது. ஓய்விலிருக்கும் கருவி, செய்தி அனுப்புமுன் கோபுரத்திடம் அலைக்கற்றையில் இடம் கேட்க வேண்டும். எல்டிஇ எனப்படும் 4ஜி முறையில் இவ்வாறு கேட்பதற்கென 64 குறியலைகள் உள்ளன. சில தனித்தேவைகளுக்கு ஒதுக்கியபின் பொதுவாக 54 எஞ்சும். கருவி அவற்றுள் ஒன்றைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்து அனுப்பும். இரு கருவிகள் ஒன்றையே தேர்ந்தால் மோதல் நேரும். பத்தே கருவிகள் ஒரே கணத்தில் முயன்றாலும் எங்கேனும் ஒரு மோதல் நேரும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதை நிகழ்தகவு கற்றோர் கணக்கிட்டறியலாம்.

மின்தடை நீங்கியதும் ஒரு பகுதியின் மின்னளவிகள் அனைத்தும் ஒருங்கே விழித்தெழுவதாகக் கொள்வோம். மோதித் தோற்றவை மீண்டும் முயல்கின்றன. புதியவையும் வந்து சேர்கின்றன. நெரிசல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. அவ்வேளையில் அவசர ஊர்தியை அழைப்பவரின் கைப்பேசியும் அதே வாயிலில்தான் நிற்கிறது.

மோதியவை வெவ்வேறு கால அளவு காத்திருந்து முயலட்டும் என்னும் தீர்வு பழையது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் தீவுகளை வானொலி அலையால் இணைத்த 'அலோஹா' வலையமைப்பு இவ்வாறே இயங்கியது. கூட்டம் சிறிதாயின் இது போதும்; பெருங்கூட்டத்தை வாயிலுக்கு வருமுன்னரே தடுத்தாக வேண்டும். எனவே, கோபுரம் 0.3 என்பது போன்றதோர் எண்ணை அனைவருக்கும் அறிவிக்கிறது. ஒவ்வொரு கருவியும் 0 முதல் 1 வரையில் ஓர் எண்ணைத் தானே தேர்கிறது, அது 0.3ஐவிடக் குறைவாயின் முயலலாம், இல்லையெனில் காத்திருக்க வேண்டும்.

மனிதரையும் மின்னளவியையும் ஒரே தட்டில் நிறுத்துவது முறையாகாது. ஆகவே, தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு தன் 11ஆம் வெளியீட்டில், தாமதம் பொறுக்கும் கருவிகளை மட்டும் நிறுத்திவைக்க வழிசெய்தது. 2016இல், சிறுகருவிகளுக்கென்றே 180 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள குறுகிய தடமும் வகுக்கப்பட்டது.

ஆயினும் எது பொறுக்கும், எது பொறுக்காது? இதயத்துடிப்பைக் கண்காணிக்கும் கருவியும் இயந்திரமே. தம் கருவியே அவசரமானது என ஒவ்வோர் உற்பத்தியாளரும் சொல்லத் தொடங்கினால் இப்பாகுபாடு பொருளற்றுப்போகும். அதனால், ஒரு கருவி தடுக்கத்தக்கதா எனக் குறிக்கும் பொறுப்பு, அதற்கு இணைப்பு வழங்கும் வலையமைப்பு நிறுவனத்திடம் விடப்பட்டுள்ளது.